ஒரு மூட்டை டிஏபியும் 25 ஏக்கர் ஏரியும்

போன தை மாதம் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்துக்கு மண் பரிசோதனை பற்றிப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிகிற நேரத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, மஞ்சப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே பச்சை பெயின்ட்டைக் கரைத்தது போல தண்ணீர்.

"எங்க ஏரித் தண்ணி சார். மாடு மூக்க வச்சிட்டுத் திரும்பிடுது. போன வாரம் விடியக்காலம் பாத்தா மீனெல்லாம் செத்து மெதக்குது. ஏலம் எடுத்தவரு, எவனோ வெஷம் வச்சிட்டான்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்காரு. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. யாரு வச்சது?"

அந்தக் கேள்விக்கு அன்று மேடையில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். அது கொஞ்சம் கசப்பாக இருக்கும். உங்களுக்கு மட்டுமல்ல, எனக்கும்தான்.

பாட்டிலில் இருந்தது நீலப்பச்சைப் பாசி. உடனே உங்களில் பலர் கேட்பீர்கள்: "நடவு முடிந்த பத்தாம் நாள் எக்டருக்கு 10 கிலோ நீலப்பச்சைப் பாசி தூவுங்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" சொன்னோம். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஆள் வேறு. வயலுக்குத் தருகிற வகைகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குக் கொடுப்பவை. ஏரியில் பெயின்ட் போல மிதப்பவற்றில் அதிகம் காணப்படுவது மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனம். இது தழைச்சத்தைப் பிடிக்காது. மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடியது. அந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கும்.

மீன் செத்ததற்கு நஞ்சுகூடத் தேவையில்லை. பாசி பகலில் ஆக்சிஜன் விடும். இரவில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மடிந்த பாசி அழுகும்போது மீதியும் தீர்ந்துபோகும். விடியற்காலையில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அதனால்தான் மீன் எப்போதும் விடியற்காலையில் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. "ராத்திரியில் யாரோ வந்து விஷம் வைத்துவிட்டுப் போனார்கள்" என்ற சந்தேகம் இப்படித்தான் கிளம்புகிறது. பாதிச் சண்டைகளுக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, பாசிக்கு யார் சோறு போட்டது?

இதற்கு விடை தெரிந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சிறு ஏரிகள் பலவற்றை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் 226 என்று எண்ணிட்ட ஒரு ஏரி, நடுவில் இடுப்பு போலக் குறுகியது. 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அந்த இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கரிமமும் தழைச்சத்தும் மட்டும் இட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரசையும் சேர்த்து இட்டார்கள். சில வாரங்களில் பாஸ்பரஸ் இட்ட பக்கம் பச்சைப் பசேல் என்று ஆனது. மற்றப் பக்கம் கறுப்புக் கண்ணாடி போல அப்படியே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான் படிக்கும் காலத்தில் எங்கள் பேராசிரியர் அதைக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாஸ்பரஸ், அதாவது நாம் மணிச்சத்து என்று சொல்வது. டிஏபி மூட்டையில் 46 சதவீதம் என்று அச்சிட்டிருக்குமே, அதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 50 கிலோ டிஏபி மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து. இது ஆக்சைடு கணக்கு. தனிப் பாஸ்பரசாக மாற்றினால் 10 கிலோ. 25 ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிற ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 10 கோடி லிட்டர் நீர் இருக்கும். அந்த 10 கிலோவை இந்த 10 கோடி லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரும். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் ஏரி ஆய்வாளர்கள், லிட்டருக்கு 0.035 மில்லிகிராமைத் தாண்டினாலே ஊட்டம் மிகுந்த நீர் என்கிறார்கள். 0.1 என்பது பாசிக்கு விருந்து.

ஒரு மூட்டை டிஏபி முழுவதும் ஏரிக்குப் போகாது, அது எனக்கும் தெரியும். ஏக்கருக்கு ஒரு மூட்டை போட்டு, அதில் இருபதில் ஒரு பங்கு மட்டும் மழையில் வழிந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை கிலோ. மூட்டை 1,350 ரூபாய் என்றால் நட்டம் 67 ரூபாய். யாரும் கணக்குப் பார்க்கிற தொகை இல்லை. பயிரிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இருபது ஏக்கரிலிருந்து இப்படி ஓடினால் ஏரிக்குள் ஒரு முழு மூட்டை. விவசாயிக்குக் கண்ணில் படாத நட்டம், ஏரிக்கு வயிறு முட்டும் அளவு. சிக்கலே இங்கேதான்.

இதை அமெரிக்க விவசாயிகள் எப்படிக் கற்றார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் ஈரி என்று ஒரு ஏரி. (நம் ஏரிக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.) நம் மாவட்டங்கள் பலவற்றைச் சேர்த்து உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரியது. 1960-களில் அது செத்த ஏரி என்று பெயரெடுத்திருந்தது. சலவைத் தூளில் இருந்த பாஸ்பேட்டும் நகரச் சாக்கடையும் முக்கியக் காரணம். 1972-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. ஆண்டுக்கு 11,000 டன் பாஸ்பரசுக்கு மேல் ஏரிக்குள் வரக்கூடாது என்று இலக்கு வைத்து, 1980-களில் அதை எட்டியும் விட்டார்கள். தண்ணீர் தெளிந்தது. மீன் திரும்பியது. உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லப்பட்ட வெற்றி அது.

1990-களின் நடுவிலிருந்து பாசி மெல்லத் திரும்பி வந்தது. 2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை விடிவதற்கு முன்பே டொலீடோ நகர மக்களுக்கு ஓர் அறிவிப்பு: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் இந்த நஞ்சு அழியாது. நீர் ஆவியாகி நஞ்சின் அடர்த்திதான் கூடும். நான்கு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். திங்கட்கிழமை வரை இந்த நிலை நீடித்தது. ஏரிக்கரையில் இருக்கிற நகரம், பணக்கார நாடு, குடிக்கத் தண்ணீர் இல்லை.

இந்த முறை சலவைத் தூளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. ஏரியின் மேற்குப் பகுதிக்கு மௌமி என்ற ஆறு வந்து சேர்கிறது. ஆற்றின் இருபுறமும் மக்காச்சோளமும் சோயாவும். அந்த வயல்களிலிருந்து எக்டருக்குச் சுமார் ஒரு கிலோ கணக்கில்தான் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. நாம் மேலே பார்த்த அதே 'கண்ணில் படாத' அளவு.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த விவசாயிகள் அஜாக்கிரதையானவர்கள் அல்ல. மண் அரிப்பைத் தடுக்க உழவில்லாச் சாகுபடிக்கு மாறுங்கள் என்று எங்களைப் போன்ற வேளாண் விஞ்ஞானிகள் சொன்னதைக் கேட்டு மாறியவர்கள். மண் அரிப்பு குறைந்தது, உண்மைதான். ஆனால் உழாத நிலத்தில் மேலாகத் தூவிய உரம், மேல் மண்ணிலேயே சில சென்டிமீட்டர் கனத்துக்குப் படிந்தது. நிலத்துக்கடியில் பதித்த வடிகால் குழாய்களும் பெருமழைகளும் சேர்ந்துகொண்டன. மண்ணோடு ஒட்டிப் போகும் பாஸ்பரஸ் குறைந்து, நீரில் கரைந்து போகும் பாஸ்பரஸ் கூடியது. கரைந்தது பாசியின் வாய்க்கு நேராகப் போகும். அதற்குச் சமைத்துப் பரிமாறியது போல. ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து இன்னொரு நோயைக் கொண்டுவந்தது.

2015-ல் ஒஹையோ மாநிலம் சட்டம் போட்டது: ஏரியின் மேற்குப் பகுதிக்கு நீர் போகும் நிலங்களில், உறைந்த தரையிலோ நீர் ததும்பும் தரையிலோ உரம் தூவக் கூடாது. அடுத்த 12 மணி நேரத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் மழை வரும் என்று முன்னறிவிப்பு இருந்தாலும் குருணை உரத்தைத் தூவக் கூடாது. மண்ணுக்குள் இட்டு மூடினால் விலக்கு உண்டு. 2008-ஐ ஒப்பிட்டு 40 சதவீதம் பாஸ்பரசைக் குறைப்போம், 2025-க்குள் செய்வோம் என்றார்கள். அந்த இலக்கு எட்டப்படவில்லை. கோடைதோறும் பாசி வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஈரியின் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் சுமார் 7 மீட்டர். சீக்கிரம் சூடேறுவதால்தான் பாசி அங்கே முதலில் வருகிறது. நம் ஊர் ஏரிகளின் ஆழம் என்ன என்று உங்களுக்கே தெரியும். தை, மாசியில் பல ஏரிகளில் இடுப்பளவு நீர் நின்றால் அதிகம். வெயிலுக்கும் இங்கே குறைவில்லை.

இன்னொன்று. ஏரி நமக்கு மேலே, வயல் கீழே. என் வயல் தண்ணீர் ஏரிக்கு எப்படிப் போகும் என்று அந்தக் கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. நம் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியாக வெட்டவில்லை. மேல் ஏரியின் கலங்கல் நீரும் ஆயக்கட்டு வடிநீரும் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து. உங்கள் வடிகால்தான் அடுத்த ஊரின் வரத்து வாய்க்கால். உங்கள் ஏரிக்கு மேலே இருக்கிற மானாவாரி நிலங்களும், மேல் ஊர் ஆயக்கட்டும் உங்களுக்கு அனுப்புகின்றன; நீங்கள் கீழ் ஊருக்கு அனுப்புகிறீர்கள். பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். யாரும் விஷம் வைக்கவில்லை, எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தார்கள்.

விவசாயி மட்டும்தான் காரணமா? இல்லை. நகரத்தை ஒட்டிய ஏரிகளில் சாக்கடையே முதல் குற்றவாளி. கழிவுநீர் லாரி இரவில் வந்து கொட்டிவிட்டுப் போவதையும் பார்க்கிறோம். மீன் பாசியைத் தின்று கொழுக்கட்டும் என்று ஏரியில் சாணமும் கோழி எருவும் சூப்பர் பாஸ்பேட்டும் கொட்டுகிற குத்தகைதாரர்கள் உண்டு. கோழி எருவில் மணிச்சத்து மிக அதிகம். அதை வரத்து வாய்க்கால் ஓரம் குவித்து வைத்தால் முதல் மழையிலேயே பாதி ஏரியில். ஆனால் நகரத்திலிருந்து தள்ளி இருக்கிற, சாக்கடை கலக்காத ஏரியும் பச்சையாகிறது என்றால் நம் பக்கம்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

என் பங்குக்கு வருகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் பணியில் சேர்ந்த புதிதில், மண் பரிசோதனை அட்டை கையில் இல்லாத விவசாயிக்கும் "ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி" என்று எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கேட்பவருக்கும் அது பிடித்திருந்தது, எனக்கும் வேலை சுலபம். டெல்டா நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்கு 50 கிலோ மணிச்சத்து, அதாவது ஏக்கருக்கு 20 கிலோ. ஒரு மூட்டையில் 23 கிலோ வந்துவிடுகிறது. அடியுரமாக ஒரு மூட்டை, பிறகு "பயிர் கொஞ்சம் சோர்ந்திருக்கு" என்று மேலுரமாக இன்னொரு அரை மூட்டை டிஏபியோ காம்ப்ளக்ஸோ. இப்படி ஆண்டுக்கு இரண்டு போகம். இட்ட மணிச்சத்தில் அந்தப் போகத்துப் பயிர் எடுப்பது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். மீதி மண்ணில் சேர்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் சேர்ந்தால் அந்த மண் ஒரு கிடங்கு. கிடங்கிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கசியும்.

ஆகவே அட்டையைப் பாருங்கள். மண்ணில் கிடைக்கும் மணிச்சத்து எக்டருக்கு 11 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குறைவு. 22-க்கு மேல் இருந்தால் அதிகம். அதிகம் என்று வந்தால் பொதுப் பரிந்துரையில் கால் பங்கைக் குறைக்கலாம் என்பது வழக்கமான விதி. சிலருடைய அட்டையில் 40, 50 என்று பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் கால் பங்கோடு நிற்காமல், உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ அட்டையைக் காட்டிக் கேளுங்கள். ஒரு போகத்துக்கு டிஏபியை விட்டு யூரியாவும் பொட்டாஷும் மட்டும் இட்டு, பாஸ்போபாக்டீரியாவைத் தொழுவுரத்தோடு கலந்து போட்டு, ஒரு ஏக்கரில் சோதித்துப் பாருங்கள். ஊரையே மாற்றச் சொல்லவில்லை, ஒரு ஏக்கர்.

மேலுரமாக மணிச்சத்து வேண்டாம். நெல்லுக்கு முழு அளவும் அடியுரம்தான். கடைசி உழவில் இட்டுச் சேற்றோடு கலந்துவிட வேண்டும். இட்ட பிறகு முதல் ஒரு வாரம் வயல் நீரில் மணிச்சத்து உச்சத்தில் இருக்கும். பிறகு மண் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு வாரம் வடிகால் மடையைத் திறக்காதீர்கள். வரப்பை உயர்த்தி, எலி வளையையும் நண்டு வளையையும் அடைத்துவிடுங்கள். சம்பா நடவு வடகிழக்குப் பருவமழையோடு மோதுவதால் நமக்கு இது எளிதில்லை, தெரியும். ஒஹையோக்காரர்களுக்குச் சட்டம் சொன்னதை நாம் சட்டம் இல்லாமலே செய்யலாம்: கைபேசியில் மழை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு மூட்டையைப் பிரியுங்கள். நாளைக்குக் கனமழை என்றால் மூட்டை வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும்.

உளுந்துக்கு இரண்டு சதவீத டிஏபி கரைசல் தெளிக்கிறீர்கள் அல்லவா? ஏக்கருக்கு 4 கிலோ. இலையில் விழுகிறது, பூப்பிடிப்பு நிற்கிறது. அதைத் தாராளமாகத் தொடருங்கள். உரம் போடாதீர்கள் என்பதல்ல நான் சொல்வது.

யூரியாவையும் மறந்துவிட முடியாது. மைக்ரோசிஸ்டிஸ் தழைச்சத்தைத் தானே பிடிக்காது என்றேன் அல்லவா, நீரில் வருகிற தழைச்சத்தைத்தான் நம்பியிருக்கிறது. அதன் நஞ்சிலும் தழைச்சத்து உண்டு. எனவே வடிகால் வழியே போகிற யூரியாவும் கணக்கில் சேரும்.

இத்தனையும் செய்தாலும் ஏரி அடுத்த ஆண்டே தெளிந்துவிடாது. இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். இத்தனை ஆண்டுகள் வந்த பாஸ்பரஸ் அடி மண்ணில் இரும்போடு கட்டுண்டு கிடக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்து மறுபடி நீரில் கலக்கும். வெளியிலிருந்து வருவதை நிறுத்தினாலும் ஏரி தன் பழைய சேமிப்பை எடுத்துச் செலவழிக்கும்.

இந்த இடத்தில் நமக்கு ஈரிக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் ஏரி வற்றாது. நம் ஏரி கோடையில் வற்றும். வற்றிய ஏரியில் வண்டல் எடுத்து வயலுக்கு அடிப்பது நம் தாத்தா காலத்து வழக்கம். மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்து, பிறகு உர மூட்டை வந்ததும் அந்த வழக்கமே பல ஊர்களில் நின்றுபோனது. ஓடிப்போன மணிச்சத்தை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவரும் வேலை அது. மேல் அடுக்கு வண்டலில்தான் சத்தும் களியும் அதிகம். அரை அடி, ஒரு அடி சீராக வழித்தெடுத்தால் போதும். கிணறு போலக் குழி வெட்டுவது ஏரிக்கும் கேடு, ஆடு மாடுகளுக்கும் ஆபத்து. விவசாயிகள் கட்டணமில்லாமல் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரும்படி 2024-ல் அரசு எளிமையாக்கியிருக்கிறது. செம்மண், மணற்பாங்கான நிலங்களுக்கு வண்டல் அருமருந்து. ஏற்கெனவே களிமண்ணாக இருக்கும் நிலத்துக்கு வேண்டாம். நகரச் சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் ஏரி என்றால், ஆய்வகத்தில் சோதிக்காமல் ஒரு கூடைகூட எடுக்காதீர்கள்.

இப்போது ஏரி பச்சையாக இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தை. ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். நூல் நூலாகக் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தால் அது சாதாரணப் பாசி. பெயின்ட் போலக் குச்சியில் ஒட்டி வழிந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி எடுத்து ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். பச்சை அடியில் படிந்தால் பெரும்பாலும் பயமில்லை. மேலே வளையமாக ஏறி நின்றால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீரை எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காற்று அடிக்கிற திசையில் ஒரு கரையோரம் பாசி ஏடு போலத் திரளும். அந்தக் கரையில் மாட்டை விடவே கூடாது. 1878-லேயே ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இப்படித் திரண்ட பாசி நீரைக் குடித்து ஆடு மாடு குதிரைகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். மாடு தள்ளாடினாலோ திடீரென்று படுத்துவிட்டாலோ, ஏரி நீரைக் குடித்தது என்ற விவரத்தைக் கால்நடை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் கரைத்து ஊற்றலாமா என்று அந்தப் பெரியவரும் கேட்டார். வேண்டாம் என்றேன். பாசி சாகும்போது உள்ளே இருக்கிற நஞ்சு முழுவதும் ஒரே நேரத்தில் நீரில் இறங்கும். மிச்சமிருக்கிற மீனும் போகும்.

"அப்ப ஸ்டேஷன்ல குடுத்த புகாரு?" என்றார்.

குத்தகைதாரரை அழைத்துவரச் சொன்னேன். மறுநாள் காலை மூவரும் கரையில் நின்று பேசினோம். அவர் கோபமாகத்தான் வந்தார். போகும்போது, ஏரிக்குள் கோழி எரு கொட்டுவதை இந்த ஆண்டு நிறுத்துகிறேன் என்றார். பெரியவர், சித்திரையில் ஊர்க் கூட்டம் போட்டு வண்டலுக்கு மனுக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய மண் அட்டையை வாங்கிப் பார்த்தேன். மணிச்சத்து 38.